நிரந்தரத் தேர்வர்

உலக வலையமைப்பு வல்லுநர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வது சிரமம். அதன் கடிதத் தலைப்பில் ஒரு மலைநாட்டு முகவரி அச்சாகியிருக்கும். கட்டணம் ஏதோ ஒரு குட்டித் தீவுக்குப் போய்ச் சேரும். புகார் சொல்லக் கூப்பிட்டால் மணிலாவில் ஒரு பெண் எடுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்பாள். ஆனால் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் தொழிலில் இருக்கிற எவனும் அந்த மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சான்றிதழ் இல்லாதவன் ஒரு கேபிளைச் செருகி, நின்றுபோன இணையம் திரும்ப வந்துவிட்டால் அது தற்செயல். சான்றிதழ் உள்ளவன் செருகினால் அது தீர்வு. தொழில் அப்படி ஆகிவிட்டது.

கிரிசாந்தோ முதல் வகை. செபு தீவு நகரத்தில் ஒரு கால்சென்டர் கட்டடத்தின் ரவுட்டர்களையும், கேபிள்கள் வந்து சேருகிற, சின்ன விளக்குகள் மினுக்கும் ஸ்விட்ச் பெட்டிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. ஆள் சாது. யாராவது திட்டினால் முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவான். கல்யாணமான மறுவருஷமே மனைவி பெலிப்பா தோஹாவுக்கு, ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்குப் போய்விட்டாள். அவள் வாங்கும் சம்பளத்துக்குப் புருஷனைக் கூட வைத்துக்கொள்ள அந்த ஊர்ச் சட்டம் இடம் தரவில்லை. இவனாக ஒரு வேலை தேடிக்கொண்டு போனால்தான் உண்டு. அதற்கும் ஒரு வழி பிறந்தது. தோஹாவில் ஒரு நிறுவனம் திரையிலேயே நேர்முகம் நடத்தி, ஆளைப் பிடித்துப்போய், இடத்தை அவனுக்காகவே வைத்திருக்கிறோம் என்று எழுதியது. ஒரே ஒரு நிபந்தனை. மன்றத்தின் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும்.

"ஒரு பரீட்சைதானே சாந்தோ? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடுவே," என்றாள் பெலிப்பா வீடியோ அழைப்பில். அவள் இருந்தது நாலு பெண்கள் பங்கிட்டுக்கொண்ட அறை. இரண்டு பேர் தங்குகிற மாதிரி அறை எங்கே கிடைக்கும் என்று அன்றைக்கே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது நடப்பில் இருந்தது மூன்றாம் பதிப்பு. புத்தகம் தலையணை கனம். கிரிசாந்தோ அதை வேலைக்குப் போகும் ஜீப்னி வண்டியில் மடியில் வைத்துப் படித்தான், சாப்பாட்டு இடைவேளையில் கருவாட்டுப் பொரியலுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தான். கேள்விகள் நியாயமாகத்தான் இருந்தன. உதாரணத்துக்கு ஒன்று: ஸ்விட்சில் ஒரு விளக்கு எரியவில்லை, முதலில் என்ன செய்வீர்கள்? நாலு விடைகளில் 'கேபிளைச் சரிபார்' என்பது சரி. தினமும் வேலையில் அவன் செய்வதும் அதுதான். படிக்கப் படிக்க அவனுக்கு ஒருவித சந்தோஷம்கூட வந்தது. அவன் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் யாரோ பெயர் வைத்திருந்தார்கள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மன்றம் மூன்றாம் பதிப்பைத் திரும்பப் பெற்றது.

இதை விளக்குவதற்காக மன்றத்தின் தேர்வர் நல்வாழ்வு இயக்குநர் தியோடுலோ மணிலாவிலிருந்து பறந்து வந்தார். ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். சட்டைக் காலரில் மைக், கையில் ரிமோட், பின்னால் மலை உச்சியில் கையை விரித்து நிற்கும் ஒரு மனிதனின் படம். தியோடுலோ எல்லோரையும் ஒருமுறை வாஞ்சையோடு பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே, உலகம் மாறிக்கிட்டே இருக்கு. அது மாறாம சும்மா இருக்கிற நேரத்துல நாங்க மாத்துறோம். மூணாம் பதிப்பை ஏன் எடுத்தீங்கன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். ஜனங்க அதை நல்லாப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பாதிப் பேர் பாஸ். பாதிப் பேர் பாஸ் ஆகிற பரீட்சைக்கு என்னங்க மரியாதை? உங்க சான்றிதழோட மதிப்பைக் காப்பாத்தத்தான் அதை உங்க கையில கொடுக்காம வெச்சிருக்கோம்."

பலத்த கைதட்டல். கூட்டம் முடிந்ததும் பான்சித் நூடுல்ஸ் உண்டு என்று அழைப்பிலேயே போட்டிருந்தார்கள். கிரிசாந்தோ தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, அப்படியானால் இத்தனை நாள் படித்ததெல்லாம் வீணா சார் என்று கேட்டான்.

"எதுவும் வீணில்லைங்க," என்றார் தியோடுலோ. "அதைப் படிச்சதுனாலதான் எதை இழந்தோம்னு உங்களுக்குத் தெரியுது. படிக்காதவனுக்கு அந்த அனுபவம் கிடைக்குமா?"

நாலாம் பதிப்பு வந்தது. அதே கேள்வி: ஸ்விட்சில் ஒரு விளக்கு எரியவில்லை, முதலில் என்ன செய்வீர்கள்? இப்போது 'கேபிளைச் சரிபார்' தவறு. 'கிளவுடில் பார்' என்பதுதான் சரி. எங்கோ கண்காணாத இடத்தில் இருக்கும் பெரிய கணினிக் கூடத்துக்கு அந்தத் தொழிலில் கிளவுட் என்று பெயர். எதிரே தொங்கும் கேபிளை விட்டுவிட்டு அங்கே போய்ப் பார்க்க வேண்டுமாம்.

தெரிந்தது தொல்லையாக இருக்கிறது என்று பலரும் புலம்பியதால், செபுவின் பெரிய பயிற்சி நிலையத்தை நடத்தும் எமி மேடம் மறதி வகுப்பு என்று ஒன்று தொடங்கினார். எமி மேடத்துக்கு எப்போதும் தோளில் ஒரு துண்டும், கையில் ஒரு ஸ்கேலும் இருக்கும். மாணவர்களில் சிலருக்கு அவர் வயது, ஆனாலும் எல்லோரும் அவருக்குப் பிள்ளைங்கதான்.

"பிள்ளைங்களா, தெரியாததைச் சொல்லிக்கொடுக்க எல்லாராலயும் முடியும்," என்றார் முதல் வகுப்பில். "தெரிஞ்சதை உள்ளேயிருந்து எடுக்கிறதுதான் கஷ்டம். அதனாலதான் இதுக்குத் தனிக் கட்டணம்."

பயிற்சி எளிமையானது. மேசைமேல் ஒரு ஸ்விட்ச். மேடம் பின்னால் நின்று ஒரு கேபிளைப் பிடுங்குவார். விளக்கு அணையும். மாணவர்கள் அசையாமல் உட்கார்ந்து மேலே கூரையைப் பார்த்து கிளவுடை நினைக்க வேண்டும். கை கேபிள் பக்கம் போனால் ஸ்கேலால் ஒரு தட்டு. கிரிசாந்தோவின் கை ஒவ்வொரு முறையும் தானாகவே போனது. அவன் என்ன செய்வான், கை பழகின கை. விரல் கணுவெல்லாம் சிவந்துபோன பிறகு ஒருநாள் அது போகவில்லை. மேடம் அவனைக் கட்டிக்கொண்டு கண்கலங்கினார். மறுநாள் கால்சென்டரில் ஒரு மாடி முழுக்க இணையம் நின்றபோதும் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலாளர் வந்து காதில் ரத்தம் வருகிற மாதிரித் திட்டினார். கிரிசாந்தோ முடியும்வரை கேட்டுவிட்டு, சரிங்க சார் என்றான்.

இந்த இடத்தில், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் பேட்டைத் தலைவர் ஓனோஃப்ரே கதைக்குள் வருகிறார். யாராவது பெரிய பரீட்சை பாஸ் செய்தால் அந்தப் பேட்டையில் சந்து முனையில் பேனர் கட்டுவது வழக்கம். பாஸ் செய்தவரின் படம், பட்டம், வாழ்த்து. பக்கத்தில் வாழ்த்துகிறவரின் படம், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஓனோஃப்ரேவுக்கு அந்த வருஷம் தேர்தல். தேர்தல் அறிவித்துவிட்டால் பேனர் கட்டக் கூடாது. கிரிசாந்தோ பரீட்சை எழுதுவதோ அதற்கப்புறம். எனவே வாழ்த்து முந்திக்கொண்டது. வேலைக்குப் போக ஒருநாள் வீட்டைவிட்டு வெளியே வந்தவன், சந்து முனையில் தன் முகம் காற்றில் உப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். நாலாம் பதிப்பில் வெற்றி பெற்ற எங்கள் பேட்டையின் பெருமை கிரிசாந்தோவுக்கு, என்று எழுதியிருந்தது.

"கேப்டன், நான் இன்னும் எழுதவே இல்லையே," என்றான்.

"எழுதிடுவேல்ல?" என்றார் ஓனோஃப்ரே. "அப்புறம் என்னடா தம்பி. நான் உன்மேல வெச்ச நம்பிக்கைய நீ உன்மேல வைக்க மாட்டேங்கிற."

பேனர் கட்டினால் விருந்து போட வேண்டும் என்பதும் வழக்கம். சந்துக்காரர்கள் வந்து கைகுலுக்கிவிட்டு, பன்றி வறுவல் எப்போது என்று கேட்டார்கள். எழுதாத பரீட்சையின் வெற்றிக்குக் கிரிசாந்தோ விருந்து வைத்தான். ஓனோஃப்ரே அதில் உணர்ச்சிகரமாக ஒரு பாட்டுப் பாடினார். மறுவாரம் மன்றம் நாலாம் பதிப்பைத் திரும்பப் பெற்றது. தலைவர் ஆள் அனுப்பி பேனரில் 'ஐந்து' என்று ஒரு துண்டு ஒட்டினார். பிறகு மன்றம் ஐந்தாம் பதிப்பை இரண்டு தாள்களாகப் பிரித்தது. 'இரண்டு தாள்களிலும்' என்று இன்னொரு துண்டு. பிறகு மறுபடி ஒன்றாக இணைத்தது, மேலே இன்னொன்று. எழுத்து இருந்த இடம் தீர்ந்துபோய், துண்டுகள் கிரிசாந்தோவின் தாடையிலிருந்து மேலேறிக் கண்வரை வந்துவிட்டன. ஓனோஃப்ரேயின் முகத்தில் மட்டும் ஒரு துண்டும் ஒட்டவில்லை. அவர் தேர்தலில் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்.

முதல் தடவை பதிப்பு மாறியபோது கிரிசாந்தோவுக்குக் கோபம் வந்தது. இரண்டாவது தடவை அழுகை வந்தது. அதன் பிறகு பசி மட்டும் வந்தது. மன்றத்தின் மின்னஞ்சலைத் திறப்பான், படிப்பான், எழுந்து போய்ச் சோறு வடிப்பான். வருத்தப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வருத்தம் வருகிற இடம் உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி ஆகிவிட்டது. பெலிப்பாவிடம் இதைச் சொன்னால் அவள் அழுவாள் என்று சொல்லவில்லை. அவளும் இரண்டு பேர் அறையைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை. எனக்கென்னவோ அவர்கள் இரண்டு பேரையும் நினைத்தால்தான் அந்த மன்றத்தின்மேல் ஆத்திரம் வருகிறது. அவனுக்கு வரவில்லை என்பதால் நானாவது ஆத்திரப்படுகிறேன்.

ஐந்தாம் பதிப்பில் விளக்கு எரியாத ஸ்விட்சுக்குச் சரியான விடை, 'செயற்கை அறிவிடம் கேள்'. கிரிசாந்தோ அதையும் மனப்பாடம் செய்தான். பரீட்சைக்கு முந்தின ஞாயிறு எமி மேடம் தன் பிள்ளைகள் எல்லோரையும் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். அரசுப் பரீட்சை எழுதுகிறவர்கள் பூசையில் பென்சிலை மந்திரித்துக்கொள்வது அந்த ஊரில் காலங்காலமாக நடப்பது. கணினியில் எழுதும் இந்தப் பரீட்சையிலோ பென்சிலுக்கு வேலையே இல்லை. எனவே மேடம் தேர்வு மையத்தில் கெஞ்சிக் கூத்தாடி அங்கிருந்த மவுஸ்களையே ஒரு கூடையில் வாங்கிவந்திருந்தார். பாதிரியார் வயதானவர், கை தாராளம். இத்தனை வருஷமாக மரப் பென்சில்களை மந்திரித்துப் பழகியவர், அதே தாராளத்தோடு கூடைமேல் புனித நீரைத் தெளித்தார். திங்கட்கிழமை தேர்வு மையத்தில் ஒரு மவுஸும் அசையவில்லை. பரீட்சை இரண்டு வாரம் தள்ளிப்போனது. எமி மேடம் கலங்கவில்லை. தடை வந்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்லி, தடை நீக்கும் வகுப்பு ஒன்றை அறிவித்தார்.

ஒருவழியாக அந்த நாளும் வந்தது. தேர்வு மையத்தின் வாசலில் காவல்கார அம்மாள் பையைத் திருப்பிப் போடச் சொன்னாள், சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள், காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். அதில் சூத்திரம் ஏதாவது செதுக்கியிருக்கலாமாம். உள்பக்கம் பெலிப்பா என்று இருந்தது. அது எதற்கான சுருக்கம் என்று அந்த அம்மாள் கேட்டாள். என் மனைவி என்றான். அதற்கு அத்தாட்சி இல்லாததால் மோதிரம் பூட்டுப் பெட்டிக்குள் போனது.

உள்ளே ஒப்பந்தப் பக்கங்கள் முடிவில்லாமல் ஓடின. எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னான். கேள்விகள் வந்தன. விளக்கு எரியாத ஸ்விட்ச் வந்தது. செயற்கை அறிவிடம் கேட்டான். கடைசிக் கேள்வி, இந்தத் தேர்வு உங்களுக்கு எப்படி இருந்தது? மூன்று விடைகள்: சிறப்பு, மிகச் சிறப்பு, சொல்ல வார்த்தை இல்லை. மூன்றாவதைச் சொடுக்கினான். திரையில் 'வாழ்த்துகள், தேர்ச்சி' என்று பச்சையில் வந்தது. கிரிசாந்தோ அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்தோஷம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். வரவில்லை. மோதிரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

தோஹா நிறுவனம் மூன்றே நாளில் பதில் எழுதியது. சான்றிதழ் எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'காலாவதி' என்று வருகிறதாம். கிரிசாந்தோ மன்றத்தைக் கேட்டான். மன்றம் பொறுமையாக விளக்கியது. அவன் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பிற்பகலில் தலைமையகத்தில் நள்ளிரவு ஆகியிருக்கிறது. நள்ளிரவில் ஆறாம் பதிப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அவன் பாதிப் பரீட்சையை நடப்பிலும் மீதியைச் சரித்திரத்திலும் எழுதியிருக்கிறான். சரித்திரத்தை மதிக்கிறோம், எனவே கண்ணாடிச் சட்டம் போட்ட நினைவுச் சான்றிதழ் ஒன்று இலவசமாக அனுப்பப்படும். வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

அன்றைக்கு பெலிப்பா அந்தப் பதிலை வரிக்கு வரி படித்துக்காட்டச் சொன்னாள். கடைசியில், "நேர்ல போய்க் கேளு சாந்தோ. மனுஷங்கதானே இருப்பாங்க," என்றாள்.

அவன் போனான். மன்றத்துக்குச் செபுவில் புதிதாக ஒரு கிளை திறந்திருந்தார்கள். தியோடுலோவே அங்கே இருந்தார். கிரிசாந்தோவைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் பதிப்பிலிருந்து இன்றுவரை விடாமல் கட்டணம் கட்டிவரும் தேர்வர் இந்தத் தீவிலேயே அவன் ஒருவன்தானாம். காப்பி வரவழைத்தார். கிரிசாந்தோ தன் கதையைச் சொன்னான். மனைவியைப் பற்றியும் சொன்னான். தியோடுலோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசலாமா? பாஸ் ஆகிறவன் எங்களை மறந்துடறான். மூணு வருஷம் கழிச்சுச் சான்றிதழ் செத்த பிறகுதான் எட்டிப்பார்க்கிறான். ஃபெயில் ஆகிறவன் மாசா மாசம் வர்றான், பண்டிகைக்கு வாழ்த்துகூட அனுப்பறான். இதுல நாங்க யாரை நேசிக்கணும்னு நீங்களே சொல்லுங்க. இந்த மன்றமே உங்களை மாதிரி ஆளுங்க மேலதாங்க நிக்குது."

பிறகு விஷயத்துக்கு வந்தார். செபுவில் தேர்ச்சி விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. எமி மேடத்தின் மறதி வகுப்பு எதிர்பாராத அளவுக்கு வேலை செய்கிறது. தலைமையகம் கவலைப்படுகிறது. விகிதம் ஏறினால் மதிப்பு இறங்கும். எனவே கிளை தோறும் நிரந்தரத் தேர்வர் என்று ஒரு பதவியை உருவாக்கியிருக்கிறார்கள். மாதா மாதம் பரீட்சை எழுதித் தோற்க வேண்டும். கால்சென்டரைவிட நல்ல சம்பளம், மருத்துவக் காப்பீடு, வருஷக் கடைசியில் போனஸ். விடையை வெற்றாக விடக் கூடாது, உழைத்துத் தோற்க வேண்டும். தப்பித்தவறி பாஸ் ஆகிவிட்டால் அந்த நிமிஷமே வேலை முடிந்தது.

கிரிசாந்தோ யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்து பெலிப்பாவைக் கூப்பிட்டான். அவள் முழுவதையும் கேட்டாள். நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டாள்.

"ஃபெயில் ஆனா சம்பளமா?"

"ஆமா."

"எப்பவுமேவா?"

"நிரந்தரம்னு போட்டிருக்கு."

பெலிப்பா அழுதாள். பிறகு சிரித்தாள். அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் அது. காகிதம் கையெழுத்துக்காக அலமாரிமேல் கிடந்தது. "நான் கையெழுத்துப் போடல சாந்தோ," என்றாள். "நீ இங்க வர வேணாம். நான் வந்துடறேன். போதும்."

போதும் என்று அவள் சொன்னபோது கிரிசாந்தோவுக்கு நெஞ்சுக்குள் எங்கோ லேசாகக் குறுகுறுத்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓட ஆரம்பிக்கும்போது இருக்குமே, அந்த மாதிரி.

அவன் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தான். ஆறாம் பதிப்பில் விளக்கு எரியாத ஸ்விட்சுக்குச் சரியான விடை, 'சம்பந்தப்பட்டவர்களின் மனநிலையை அறி' என்பது. அந்தப் பதிப்பின் எல்லா விடைகளும் அதே ரகம். தோற்பதற்கு அவனுக்கு ஒரு சுலபமான வழி கிடைத்தது. எந்தக் கேள்வி வந்தாலும், நிஜத்தில் வேலை நடக்கும்போது அவன் என்ன செய்வானோ அதைச் சொடுக்கினான். கேபிளைச் சரிபார்த்தான், மின்சாரம் வருகிறதா என்று பார்த்தான், கணினியின் இணைய முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். கச்சிதமாகத் தோற்றான். முதல் மாதமே அவன் கிளையின் சிறந்த தோல்வியாளர். அச்சடித்த காப்பிக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அடுத்த மாதமும் அவன்தான்.

இதற்கிடையில் மன்றம் பதிப்பு மாற்றங்களை முன்கூட்டி அறிவிப்பதை நிறுத்திவிட்டது. அறிவிப்புகள் தேர்வர்களின் மனநலத்தைப் பாதிப்பதாக தியோடுலோவின் துறைதான் கண்டுபிடித்தது.

பெலிப்பா வரும் நாளும் அவன் பரீட்சை நாளும் ஒன்றாக அமைந்தன. காலையில் தோற்றுவிட்டு மதியம் விமான நிலையத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டான். புதுச் சட்டை போட்டுக்கொண்டான். வழியில் ரொட்டிக் கடையில் அவளுக்குப் பிடித்த பால் ரொட்டி வாங்கிக்கொண்டான். பையில் இருந்த அதையும் காவல்கார அம்மாள் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

ஒப்பந்தப் பக்கங்கள் ஓடின. யார் படிக்கிறார்கள், சம்மதம் சொன்னான். விளக்கு எரியாத ஸ்விட்ச் வந்தது. கேபிளைச் சரிபார்த்தான். மின்சாரத்தைப் பார்த்தான். முகவரியைப் பார்த்தான். மனம் முழுக்க விமான நிலையத்தில் இருந்தது, கை பாட்டுக்குச் சொடுக்கிக்கொண்டு போனது. கடைசியில் திரை பச்சையாக மாறியது.

'வாழ்த்துகள். தேர்ச்சி. நூற்றுக்கு நூறு.'

முந்தின நாள் ஏழாம் பதிப்பு நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் பெயர் 'அடிப்படைக்குத் திரும்புவோம்'.

பேருந்தில் போகும்போதே தியோடுலோ கூப்பிட்டார். குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "இப்படிப் பண்ணிட்டீங்களே," என்றார். "தீவு முழுக்க இன்னிக்கு ஒரே ஒரு ஆள்தான் பாஸ். மத்த எல்லாருக்கும் கேபிள்னா என்னன்னே மறந்துபோச்சு. தலைமையகத்துல உங்களைத்தான் பேசிக்கிறாங்க. வெற்றியாளரை நாங்க வேலையில வெச்சுக்க முடியாது, விதி அப்படி. கோப்பைய நீங்களே வெச்சுக்கங்க."

பாலத்தைத் தாண்டும்போது தோஹா நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது. சான்றிதழ் செல்லுபடியாகும் நிலையில் இருப்பதைத் தங்கள் கணினி காலையிலேயே கண்டுகொண்டதாகவும், விசா தயாராகிறது என்றும், மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தார்கள். கிரிசாந்தோ இரண்டு தடவை படித்தான். அதில் புரியாதது ஒன்றும் இல்லை. வெளியே கடல் தெரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

விமான நிலைய வெளிவாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. பெலிப்பா தள்ளுவண்டியில் கயிறு கட்டிய இரண்டு அட்டைப் பெட்டிகளோடு வந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். திரையில் பார்த்தபோது அது தெரியவில்லை. தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்து அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"இன்னிக்குப் பரீட்சைல்ல? ஃபெயில்தானே?" என்றாள்.

அவள் கை அவன் கன்னத்திலேயே இருந்தது.

"பாஸ் ஆயிட்டேன் பெலிப்பா," என்றான்.

அவள் கையை எடுத்துவிட்டு மெதுவாகப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அவன் போனை எடுத்து மின்னஞ்சலைக் காட்டினான். பக்கத்தில் யாருக்காகவோ பூங்கொத்தோடு காத்திருந்த ஒரு பெரிய அம்மாள் இது காதில் விழுந்து, முகமெல்லாம் மலர இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பாஸா? வாழ்த்துகள் தம்பி. கொடுத்துவெச்சவம்மா நீ," என்று பெலிப்பாவின் தோளைத் தட்டினாள்.

"நன்றிங்க," என்றாள் பெலிப்பா. மரியாதைக்குச் சிரிக்கவும் செய்தாள். அந்த அம்மாள் திரும்பிக்கொண்ட பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மின்னஞ்சலை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"மாசக் கடைசியா?"

"ஆமா."

கயிற்றின் முடிச்சை அவள் நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"நீ போய்ச் சேர்ற நேரம் அங்க குளிர் ஆரம்பிச்சுடும்," என்றாள். "என் கம்பளிய அந்தப் பொண்ணுங்ககிட்டக் கொடுத்துட்டு வந்துட்டேனே சாந்தோ."